ஒரு மவுஸுக்கு ஐந்து ஏன்

ஒரகடத்தில் கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் ஒரு துடைப்பம் வாங்குவதானாலும் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கிய துடைப்பம் பெருக்குகிறதா என்று நான்காவது ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். இதெல்லாம் தெரிந்திருந்தும் வனமாமலை ஒரு மவுஸ் கேட்டான். மணிக்கட்டு வலித்தது, கேட்டான். அதில் தப்பொன்றும் இல்லை. அவன் செய்த தப்பு கொஞ்சம் தள்ளி வருகிறது.

வனமாமலைக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். பெயின்ட் அடித்து வரும் கைப்பிடிகளில் கீறல் இருக்கிறதா என்று விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவன் வேலை. ஆறு வருடமாகப் பார்க்கிறான், நிரந்தரமும் ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் அறையில் உட்கார்ந்து, ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் பாடிய பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிச் சரிசெய்து கொடுப்பான். இந்தச் செய்தி எப்படியோ மனிதவளத் துறை மேலாளர் ஹேமந்தின் காதுக்குப் போனது. தர மாத விழாவுக்குக் கம்பெனிக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று அவர் நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தார். வரிகளை அவரே எழுதி வைத்திருந்தார்.

'கதவைத் திறக்கும் கைப்பிடி, கவலை துறக்கும் கைப்பிடி' என்று தொடங்கி, அதே வேகத்தில் நான்கு நிமிடம் போகும்.

பாட வந்தவள் சந்தனமாரி. அசெம்பிளி லைனில் பயிற்சி ஊழியர். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம், இங்கே பிள்ளைப்பாக்கத்தில் விடுதி. இரண்டு வருடப் பயிற்சி முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. நாற்பது பயிற்சி ஊழியர்களில் ஆறு பேரை நிரந்தரம் செய்வார்கள், மற்ற முப்பத்து நான்கு பேர் பையைக் கட்ட வேண்டியதுதான். அந்த ஆறு பேர் பட்டியலில் அவள் பெயர் இரண்டாவதாக இருப்பதை எல்லோரும் அறிவார்கள்.

ஹேமந்துக்குக் குழுப்பாடல் வேண்டும், எட்டுப் பெண்கள் பாட வேண்டும். லைனிலிருந்து எட்டுப் பேரை விட முடியாது என்று உற்பத்திப் பிரிவு சொல்லிவிட்டது. ஒருத்தியை, சாப்பாட்டு இடைவேளையில், இருபது நிமிடம் விடலாமாம். வனமாமலை வழி சொன்னான். ஒருத்தியே எட்டுத் தடவை பாடட்டும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். ஒரே ஆள் பாடினாலும் இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. ஒரு தடவை மயிரிழை முந்தும், ஒரு தடவை பிந்தும். அந்த வித்தியாசம்தான் காதுக்குக் கூட்டமாகக் கேட்கும்.

ஆனால் குரலை அடுக்கினால் மூச்சும் கூடவே அடுக்கப்படும். ஒரு தடவைக்கு ஐம்பத்திரண்டு இடத்தில் மூச்சு வாங்கினாள். எட்டு மூச்சு ஒரே இடத்தில், கொஞ்சம் முன்னும் பின்னுமாக வந்து விழுந்தால், லைனில் காற்றுக் குழாய் எங்கோ கசிகிற சத்தம்தான் கேட்கும்.

அதனால் ஒவ்வொரு மூச்சையும் தேடிப் பிடித்து அடக்க வேண்டும். திரையில் குரல் மலைத்தொடர் மாதிரித் தெரியும். ஒவ்வொரு மலைக்கும் முன்னால் எறும்பு ஊர்ந்த தடம்போல ஒரு சின்னக் கசங்கல் இருக்கும், அதுதான் மூச்சு. அதைப் பெரிதாக்கிப் பார்த்து, தொடங்குமிடத்தில் மவுஸை அழுத்தி, அழுத்தியபடியே முடியுமிடம் வரை இழுத்து, விட்டு, சத்தத்தைக் குறைக்க வேண்டும். இந்த வேலைக்கென்று கொடுத்த கம்பெனிப் பயிற்சி அறையில் இருந்த மவுஸோ குழந்தைக் கைக்குச் செய்தது மாதிரி இருந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தால் முன்கையில் உள்ள இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழும். அந்த நிலையில் விரலால் அழுத்திக்கொண்டே கையையும் நகர்த்தினால் தசைக்கு இரண்டு முதலாளி. அறுபதாவது மூச்சுக்குள் வனமாமலையின் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

தாம்பரத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவன் உருண்டை மவுஸ் பார்த்திருக்கிறான். கருவி வைத்த இடத்தில் இருக்கும். மேலே பதித்திருக்கும் உருண்டையைக் கட்டைவிரலால் உருட்டினால் திரையில் அம்பு நகரும். கை தூங்கிக்கொண்டிருக்க, கட்டைவிரல் மட்டும் வேலைக்குப் போய் வரும். அதைத்தான் கேட்டான்.

கேட்டதும் கமிட்டி போட்டார்கள்.

கமிட்டியில் ஹேமந்த், தரப் பிரிவுத் தலைவர் நாகப்பன், பாதுகாப்பு அதிகாரி ஷாரோன் என்று மூன்று பேர். முதல் கூட்டத்தன்று மேஜைமேல் சாதாரண மவுஸ் ஒன்று, கைகுலுக்குவதுபோல் பிடிக்கும் நிமிர்ந்த மவுஸ் ஒன்று, பலகையோடு ஒரு பேனா, உருண்டை மவுஸ் ஒன்று எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன. வனமாமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிமிர்ந்த மவுஸில் எலும்பு குறுக்கே விழாது, ஆனால் தோள் அலையும். பேனா வெட்டுவதற்கு அருமை, ஆனால் ஒவ்வொரு தடவையும் அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் விசைப்பலகைக்குப் போக முடியும். உருண்டை மவுஸுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. இருபது நிமிடம் விளக்கினான். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

"சௌகரியம்ங்கறது ஒரு ஃபீலிங், வனமாமலை," என்றார் ஹேமந்த். "ஃபீலிங்கை நாங்க ரொம்ப மதிக்கிறோம். அதனாலதான் அளந்து பார்க்காம வாங்கறதில்ல."

அளக்கும் பொறுப்பை நாகப்பன் ஏற்றார். தொழிற்சாலையில் கைப்பிடியைச் சோதிக்க ஒரு திட்டம் ஏற்கெனவே இருந்தது. புதுத் திட்டம் எழுதினால் அதற்குத் தனி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதால், அதன்படியே எல்லாவற்றையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். பத்தாயிரம் தடவை இழுத்தார்கள். நான்கு நாள் உப்புத் தண்ணீர் தெளித்தார்கள். எண்பது டிகிரி அடுப்பில் வைத்தார்கள். பேனா இழுவையில் முறிந்தது. நிமிர்ந்த மவுஸ் அடுப்பில் குனிந்துவிட்டது. சாதாரண மவுஸ் உப்பில் செத்தது. உருண்டை மவுஸ் மட்டும் பிழைத்தது, ஆனால் உருண்டை கழன்று, உருண்டு, சோதனைக்கூடத்தின் வாசல்வரை போய் நின்றது.

அங்கேதான் ஷாரோன் வந்தார். "இது லூஸ் பார்ட் சார். யாராச்சும் மிதிச்சு விழுந்தா? நூத்தி எண்பது நாளா ஆக்சிடென்ட் இல்லன்னு வாசல்ல போர்டு நிக்குது. ஒரு குண்டு அதை அழிச்சுடும்."

உருண்டையைப் பசை போட்டு ஒட்டினார்கள். மறுபடி சோதித்தார்கள். அறிக்கை வந்தது: 'உருண்டை உருளவில்லை. அபாயம் நீங்கியது. சௌகரியம்: தேர்ச்சி.'

"மேடம், உருண்டை உருளலைன்னா அது எப்படி மேடம் வேலை செய்யும்?" என்று கேட்டான் வனமாமலை.

"அது யூசர் டிரெய்னிங்ல வரும்," என்றார் ஷாரோன்.

மூன்று வாரம் பேசி ஒரு சமரசம் கண்டார்கள். உருண்டை உருளலாம். ஆனால் மவுஸ் வைக்கும் மேஜையைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட வேண்டும், 'உருளும் பொருள், கவனம்' என்று பலகை மாட்ட வேண்டும். கோடு போட்டார்கள், பலகை மாட்டினார்கள். மவுஸ் மட்டும் வரவில்லை. எதை வாங்குவது என்றுதான் முடிவாகியிருந்தது, ஏன் வாங்குவது என்று இன்னும் முடிவாகவில்லையாம்.

அதற்கு இரண்டாவது கூட்டம். தொழிற்சாலைகளில் 'ஐந்து ஏன்' என்று ஒரு முறை உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்து தடவை கேட்டால் அடியில் உள்ள மூலக் காரணம் மேலே வந்துவிடும். நல்ல முறைதான். கிணற்றில் வாளி விடுவது மாதிரி. கயிறு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கயிறு நாகப்பன் கையில் இருந்தது. மணிமங்கலத்துக்காரர், முப்பது வருட அனுபவம்.

"இன்னாப்பா, கை ஏன் வலிக்குது?"

"மவுஸைப் புடிச்சு இழுக்கதனால சார்."

"ஏன் இழுக்கறே?"

"மூச்சுச் சத்தத்தைக் குறைக்கணும்லா சார்."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொல்லி மூன்று அதிகாரிகள் எதிரே உட்கார்ந்திருப்பது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டரைத் திறந்து சுவரில் படம் விழச் செய்தான். மலையைக் காட்டினான், எறும்புத் தடத்தைக் காட்டினான். "இந்தா, இது ஒண்ணு சார். இது ரெண்டு. மொத்தம் நானூத்திப் பதினாறு." நாகப்பன் அந்த எண்ணைப் படிவத்தில் எழுதினார். எழுதுவதை வனமாமலை பார்த்தான். பார்த்தும் ஐந்தாவது மூச்சை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டினான்.

"நானூத்திப் பதினாறா! ஏன் அவ்ளோ?"

"ஒரே பிள்ள எட்டு மட்டம் பாடிருக்கு சார்."

"ஏன் ஒரே பொண்ணு?"

"லைன்லருந்து வேற ஆளை விடலை சார்."

நாகப்பன் பேனாவை மூடினார். "அத எழுத முடியாதுப்பா. நாலுல ஒண்ணுதான் காரணமா கீது: மெஷின், மெட்டீரியல், மெத்தட், மேன். மெஷின்னு எழுதினா கஸ்டமருக்குச் சொல்லணும். மெட்டீரியல்னா சப்ளையர் சண்டைக்கு வருவான். லைன்ல ஆள் விடலன்னா அது மெத்தட். மெத்தட் எழுதினது நானு. மிச்சம் இன்னா கீது? மேன். அதான் நம்ம கையில கீது. அஞ்சாவது ஏன்ல ஒரு பேர் வரணும். பேர் வந்தாத்தான் ஃபைல் முடியும், ஃபைல் முடிஞ்சாத்தான் உனக்கு மவுஸு. இப்ப சொல்லு, மூச்சு வுட்டது யாரு?"

"பாடுனா மூச்சு விடத்தான சார் செய்யும்."

"யாருன்னு கேட்டேன்."

"சந்தனமாரி சார். அசெம்பிளி." பிறகு அவளுடைய ஊழியர் எண்ணையும் சொன்னான்.

எண்ணை யாரும் கேட்கவில்லை. குரல் கோப்புகளுக்கு அந்த எண்ணையே பெயராக வைத்திருந்தான். நாக்கு நுனியில் இருந்தது, சொல்லிவிட்டான். தப்பு என்று முதலில் சொன்னது இதைத்தான்.

படிவம் இப்படி நிறைந்தது. மூலக் காரணம்: ஆபரேட்டர் மூச்சு விட்டது. குறை எண்ணிக்கை: 416. நிரந்தர நிவாரணம்: ஆபரேட்டருக்குப் பயிற்சி. தற்காலிக நிவாரணம்: உருண்டை மவுஸ் ஒன்று. கீழே வனமாமலை கையெழுத்துப் போட வேண்டும். அவன் கண் கடைசி வரியில் நின்றது. போட்டான்.

மவுஸ் மூன்றாம் நாள் வந்தது. மஞ்சள் கோட்டுக்குள் உட்கார்ந்து உருட்டிப் பார்த்தான். கை அசையவில்லை. எண்ணெய் போட்ட கீல் மாதிரி அம்பு போய் எறும்புத் தடத்தின் வாலில் நின்றது. நான்கு நாளில் நானூற்றுப் பதினாறும் முடிந்தது. ஐந்தாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் மணிக்கட்டு வலிக்கவில்லை என்று கவனித்தான்.

அதே ஐந்தாம் நாள், கேன்டீன் வாசலில் பயிற்சி ஊழியர் குறைப் பட்டியல் ஒட்டினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த மாதக் குறை எண்ணிக்கை. முத்துச்செல்வி 2. கலைமதி 0. கங்கா 3. சந்தனமாரி 416. இரண்டு இலக்கத்துக்குத்தான் கட்டம் போட்டிருந்ததால் ஆறு மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

நிரந்தர நிவாரணப் பயிற்சியை ஹேமந்தே எடுத்தார். பாட்டுப் பதிவுக்குப் பொறுப்பாளன் என்பதால் வனமாமலையும் உட்கார வேண்டும்.

"மூச்சு விடறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், சந்தனமாரி," என்றார் ஹேமந்த் கனிவாக. "அது உங்க உரிமை. நம்ம பாலிசியிலேயே இருக்கு. ஆனா கம்பெனிப் பாட்டுக்குள்ள விடறப்ப, இது என் மூச்சா, கம்பெனி மூச்சான்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும். எங்க, விடாம ஒரு தடவை பாடுங்க பார்ப்போம்."

"முழுசாவா சார்?"

"முயற்சி பண்ணுங்க. முயற்சிக்குத்தான் நாங்க மார்க் போடறோம்."

அவள் பாடினாள். பல்லவி வந்தது. முதல் சரணத்தில் கழுத்து நரம்பு எழுந்தது. பல்லவிக்குத் திரும்பி 'கவலை துறக்கும்' என்ற இடத்துக்கு வந்தபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வர, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஷாரோன் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கீழே விழ இருந்து விழாமல் போனதற்கான படிவத்தை அவள் பெயரில் நிரப்பினார். குறை நானூற்றுப் பதினேழு ஆனது. வனமாமலை தண்ணீர் டம்ளரைத் திருப்பி வாங்கி வைத்தான். அவன் செய்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஆறு பேர் பட்டியல் வந்தது. இரண்டாவது இடத்தில் கலைமதி. ஆறாவது வரை எங்கேயும் சந்தனமாரி இல்லை.

அன்று கேன்டீனில் தட்டோடு வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா ஏசக் கூடாது."

"கேளு பிள்ள."

"எந்தெந்த எடத்துல மூச்சு விட்டேன்னு கம்ப்யூட்டர்ல காட்டுவீங்களாண்ணே? இன்னொரு மட்டம் பாடச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு விட்டுக்கிடுதேன்."

"அதெல்லாம் வேண்டாம் பிள்ள. நீ நல்லாத்தான் பாடுன."

"எங்கண்ணே நல்லா? உங்க கை வலிக்கு நாந்தான் காரணம்னு ஃபைல்ல எழுதிருக்காம். மன்னிச்சிக்கிடுங்க." தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். "யாரு சொன்னாங்கன்னு தெரியல, எம்ப்ளாயி நம்பர் மொதக்கொண்டு சரியா இருக்கு. எனக்கே அது மறந்து மறந்து போவும்."

வனமாமலை தட்டில் கிடந்த கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கினான். "சிஸ்டத்துல இருந்து எடுத்துருப்பாவ," என்றான்.

"அப்படித்தான் இருக்கும்," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நாகப்பனைப் போய்ப் பார்த்தான். "சார், அந்தக் காரணத்தை எடுத்துருங்க சார்."

"எடுக்க முடியாதுப்பா. மாத்தலாம். ஒண்ணை எடுத்தா அந்த எடத்துல இன்னொண்ணு வைக்கணும். கட்டம் காலியா கெடந்தா ஆடிட்டர் வூட்டுக்கு அனுப்பிடுவாரு, என்னை." திருத்தப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

வனமாமலை அதில் 'பழைய மவுஸ்' என்று எழுதினான்.

"அது செல்லாது. பழைய மவுஸ்மேல செக் பண்ண ஸ்டிக்கர் கீது பாரு. அடுத்த மார்ச் வரைக்கும் அது நல்ல மவுஸு." நாகப்பன் அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தைக் காட்டினார். "பேர் எழுது. யார் பேர்னாலும் சரி. எனக்கு ஒண்ணும் இல்ல."

எழுத ஒரு பெயர் இருந்தது. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்தான். பேனா கட்டத்தின்மேல் நின்றது. காரணம் என்று ஒரு தடவை கோப்பில் ஏறினால் அந்தப் பெயர் எங்கெங்கே போகும் என்பதை அவன் கேன்டீன் வாசலில் பார்த்திருக்கிறான். வெளியே ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஹாரன் அடித்தது.

"திங்கக்கெழம எழுதித் தாரேன் சார்," என்றான்.

"நிதானமா எழுது," என்றார் நாகப்பன். அவர் நல்ல மனிதர்.

இரண்டு நாள் விடுமுறையில் அந்தப் படிவம் அறையில் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் கிடந்தது. திங்கட்கிழமை காலை வனமாமலை எழுதினான்: 'மூலக் காரணம்: தேவையில்லாமல் எண்ணிச் சொன்னது. பெயர்: வனமாமலை.' தன் ஊழியர் எண்ணையும் எழுதினான். படிவத்தைக் கொடுத்ததும் உடம்பே கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு ஹேமந்த் ஆள் அனுப்பினார். உள்ளே போனவனை எழுந்து நின்று கட்டிப் பிடித்தார்.

"தன்னைத் தானே மூலக் காரணமா அறிவிச்ச முதல் எம்ப்ளாயி! எத்தனை வருஷமா இதுக்காகப் போஸ்டர் ஒட்டறேன் தெரியுமா? இதுதான் ஓனர்ஷிப். தர மாத விழாவுல உங்களுக்குத்தான் சர்டிபிகேட்."

"சார், அப்ப அந்தப் பிள்ளைக்கு?"

"எந்தப் பிள்ளை?"

"சந்தனமாரி சார். காரணம் நான்னு ஆயிட்டுல்லா. பட்டியல்ல திரும்பப் போடலாம்லா."

ஹேமந்த் வருத்தத்தோடு உட்கார்ந்தார். "அவங்க கேஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கே சிஸ்டம்ல க்ளோஸ் ஆயிடுச்சு. க்ளோஸ் ஆன கேஸைத் திறந்தா, திரும்ப வந்த புகார்னு சிகப்புல காட்டும். அது அவங்க ரெக்கார்டுக்குத்தானே கெட்டது? நாம அவங்களைப் பத்தியும் யோசிக்கணும், வனமாமலை."

வெள்ளிக்கிழமை அவன் பஸ் ஏறியது ஐந்து இருபதுக்கு.

விழா புதன்கிழமை நடந்தது. பாட்டைப் போட்டார்கள். எட்டுக் குரல்கள் எங்கும் நிற்காமல், எங்கும் மூச்சு வாங்காமல், நான்கு நிமிடம் கைப்பிடியைப் பாடின. கம்பெனித் தலைவர் கைதட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். சர்டிபிகேட்டோடு ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். வீட்டு உபயோகத்துக்கென்று இன்னொரு உருண்டை மவுஸ். "வலியில்லாத கை, பிழையில்லாத கைப்பிடி," என்று ஹேமந்த் மைக்கில் சொன்னார். அது பாட்டின் இரண்டாம் பாகத்துக்கு அவர் எழுதி வைத்திருந்த வரி.

சனிக்கிழமை காலையில் சந்தனமாரி பையோடு பஸ் ஏறினாள். வழியனுப்பப் போக வேண்டும் என்று வனமாமலை நினைத்தான். போகவில்லை. சாயங்காலம் போனில் செய்தி வந்தது. 'அண்ணே எம்பாட்ட அனுப்புங்க. அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்.'

அவளுடைய பழைய பதிவுகள் அவனிடம் இல்லை. குறையுள்ள சரக்கை அழிக்கும் விதிப்படி, நாகப்பனும் ஷாரோனும் சாட்சி நிற்க, எட்டையும் அவனே அழித்திருந்தான். கம்ப்யூட்டரில் இருந்த விழாப் பாட்டை அனுப்பினான். புது மவுஸில் அதற்கு ஒரு உருட்டு, ஒரு அழுத்து.

சரியாக நான்கு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. 'நல்லா இருக்குண்ணே. எல்லாரும் சேந்து பாடுதாங்க. இதுல நான் எங்கண்ணே இருக்கேன்?'

எட்டுப் பேரும் நீதான் என்று எழுதினான். ஒரே குரலை எப்படி அடுக்குவது, மயிரிழை வித்தியாசம் ஏன் கூட்டமாகக் கேட்கிறது என்றெல்லாம் மளமளவென்று எழுதிக்கொண்டே போனான். மூச்சு என்ற சொல் வந்ததும் நிறுத்தினான். எல்லாவற்றையும் அழித்தான்.

'ஊர் வந்துட்டா பிள்ள?' என்று மட்டும் அனுப்பினான்.

'சாத்தூர் தாண்டியாச்சுண்ணே. இன்னும் கொஞ்சந்தான். உங்க கை இப்ப எப்படி இருக்கு?'

வனமாமலை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். விரல்களை மடக்கி நீட்டினான். மேஜை விளிம்பில் ஊன்றி அழுத்திப் பார்த்தான். பொய் சொல்ல வழி ஒன்றும் கிடைக்கவில்லை.

'வலியே இல்ல,' என்று எழுதி அனுப்பினான்.